எஸ்தர் எடுக்காமல் விட்ட படம்

பழவேற்காடு ஏரியில் பசியாவரம் தீவுக்கு அந்தப் பக்கம், பூநாரை பார்க்க வந்த ஒரு குடும்பத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது, முன்னொரு புயலில் நான் தனி ஆளாகப் படகை இழுத்து வந்த கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் அலை பனைமரத்தைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து எஸ்தரின் தம்பி போன் செய்தான். “மாமா, அக்கா நம்மள வுட்டுப் பூடுச்சி” என்றான். இன்ஜினை அணைத்துவிட்டேன். அப்புறம் அலை என்ன ஆயிற்று என்று படகில் இருந்த பெரியவர் கேட்டார். அப்புறம் ஒன்றும் இல்லை ஐயா என்றேன். நான் ஒரு கதையைப் பாதியிலேயே கைவிட்டது என் ஆயுசுக்கே அன்றைக்குத்தான்.

பழவேற்காடு கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த எஸ்தரை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஞானஸ்நானப் படம், பெண் பார்க்க அனுப்பிய படம், மாலை போட்டு மாட்டிய படம் எல்லாம் அவள் எடுத்தவைதான். என்னைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் எனக்கு வாத்தியார் அவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமே போதும் என்று வந்தவன் நான். அவளிடம் மட்டும்தான் ஒழுங்காகப் படித்தேன்.

பறவைப் படம் எடுக்க வந்த ஒருவர் தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான் எடுத்த பூநாரைகளை உலகத்தில் எவனும் எடுத்திருக்க மாட்டான். ஏரியில் பாதிப் பறவைக்கு என்னை அடையாளம் தெரியும். அந்தப் படங்களை எஸ்தரிடம் கொண்டுபோய்ப் பரப்பினேன். பொறுமையாகப் பார்த்தாள். “பறவ நல்லாத்தான் கீது மாமா. அதுக்கு நீ யார்னே தெரியாது, அதான் சும்மா நிக்குது. மனுசன எடுத்துனு வா, பாக்கலாம்” என்றாள்.

மனுசன்தானே என்று லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய் மீன்பிடிக்கிற ஏகாம்பரத்தைப் பிடித்தேன். புதுச் சட்டை போடவைத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை நன்றாகத் திற, இன்னும் திற என்று விரட்டி எடுத்தேன். படத்தை அவன் சம்சாரத்திடம் நீட்டினேன். அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யார்ணா இது? எங்க வூட்டு ஆளு சட்டையப் போட்டுனு கீறாரு” என்றாள். குப்பமே சிரித்தது.

படத்தைப் பார்த்து எஸ்தரும் சிரித்தாள், ஆனால் கேமராவை எடுத்துக்கொண்டு என்னோடு குப்பத்துக்கு வந்தாள். ஏகாம்பரத்தை அவன் படகு ஓரத்தில் உட்காரவைத்து, கிழிந்த வலையைக் கையில் கொடுத்து, எங்கே மாட்டிக் கிழிந்தது என்று மட்டும் கேட்டாள். அவன் கடல் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அதோ அந்த இடம் என்றான். ஒரே ஒரு படம் எடுத்தாள். அவன் சம்சாரம் அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். திரும்பும் வழியில் எஸ்தர் சொன்னது: “வெயில்ல தண்ணியப் பாத்துப் பாத்து சுருங்கின கண்ணு மாமா. அதப் போயி தெறக்க வச்சினா ஆளு உள்ள இருக்க மாட்டாரு.”

என் சம்சாரம் கண்ணை மூடிய பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் மகன், நைனா உன் போட்டோ ஒன்று அனுப்பு, ஹாலில் மாட்ட வேண்டும் என்றான். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு எஸ்தரிடம் போனேன். உட்கார்ந்ததும் என் சாகசங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசி முடி மாமா, எடுக்கிறேன் என்பாள். நான் எங்கே முடிக்க? டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். இப்படியே பல நாள் ஓடியது.

ஒரு மத்தியானம் கரன்ட் போய்விட்டது. ஃபேன் நின்ற அமைதியில் எனக்குக் கதையும் நின்றுபோனது. எதிர் வீட்டில் ஒரு பெண், சோறு ஆறுகிறது, சீக்கிரம் வா என்று புருஷனைக் கூப்பிட்டாள். நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திரும்பினால், எஸ்தர் கேமராவில் கண்ணை வைத்திருக்கிறாள். விரல் பட்டனில் இருக்கிறது. அழுத்தவில்லை. கேமராவை இறக்கி, மூடியைப் போட்டாள்.

“இன்னா, எடுக்கலியா?”

“இது உன் புள்ளைக்கு அனுப்புற மூஞ்சி இல்ல மாமா. அதப் பாத்தா அவன் அங்க தூங்க மாட்டான். நான் பாத்துக்கினேன், போதும்.”

உள்ளே போய் இறால் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். சாப்பிட்டுத் தெம்பாகி நான் மறுபடி புயலைக் கிளப்பியபோது, கை ஓங்கி வாய் பிளந்திருந்த என்னைப் படக்கென்று எடுத்துவிட்டாள். மகன் வீட்டில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். நைனா பேசுகிற சத்தமே கேட்கிறது என்கிறான்.

எனக்கு இன்னொரு முகம் உண்டு என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாள். வீட்டுக் கண்ணாடியில் அதைத் தேடிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றாலே நான் தானாக மார்பை நிமிர்த்திக்கொள்கிறேன்.

எந்த முகத்துக்கு மூடியைப் போட வேண்டும் என்பதுதான் எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. போன வாரம் குப்பத்தில் கருவாடு காயவைக்கும் ஒரு அம்மா, ஊரை விட்டுப் போன மகளுக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொன்னாள். கேமராவில் பார்த்தேன்; மகளைத் தூங்கவிடாத முகம். மூடியைப் போட்டுவிட்டு, பேட்டரி தீர்ந்துவிட்டதம்மா, நாளைக்கு எடுக்கலாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன்.