பூங்காவனம் மஞ்சளை விட்ட வருஷம்

பூங்காவனம் முதன்முதலில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தது 1944 ஜனவரி 8, சனிக்கிழமை. அப்போது நான் அங்கே கம்பவுண்டர். வெளிநோயாளிப் புத்தகத்தில் அவள் எண் 31. ஊர் ரஞ்சன்குடி, வயது இருபத்து மூன்று. இரண்டு கன்னமும் கண்ணுக்குக் கீழும் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. தெருவில் பெருநோய், குஷ்டம் என்று சொல்லித் தண்ணீர்க்குடத்தைத் தொடவிடாமல் செய்திருந்தார்கள்.

டாக்டர் அரங்கநாதன் அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் முகத்தை அங்கங்கே தொட்டார். தொட்டபோதெல்லாம் "உம்" என்றாள்.

"உணர்ச்சி நல்லா இருக்கு. பெருநோய் இல்லம்மா, கரப்பான்கிற தோல் அரிப்பு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

போரிக் தண்ணீரில் கழுவி ஜிங்க் களிம்பு போட்டு அனுப்பினோம். ஒரு வாரத்தில் ஆறியது. ஆறிய இடம் தேமல்போல வெளிறி, தொட்டால் கிழிந்துவிடும் போல மெல்லிசாக இருந்தது. பிறகு மறுபடி வெடித்தது. பிப்ரவரி 2, பிப்ரவரி 12, மார்ச் 1, மார்ச் 18, ஏப்ரல் 15 என்று ஐந்து முறை திரும்பி வந்தாள்.

அவள் புருஷன் பிச்சைமுத்து பட்டாளத்தில் இருந்தான். பர்மா எல்லைப் பக்கம் ரோடு போடும் வேலை. அவன் கடிதம் வந்தால் அதையும் மருந்துச் சீட்டோடு எடுத்து வருவாள். களிம்பைக் கொடுத்துவிட்டுப் படித்துச் சொல்வேன்.

ஏப்ரல் 15 அன்று டாக்டர் சலித்துப்போய், "என்னத்தத் தின்னே?" என்று கேட்டார்.

"கத்திரிக்காயும் கருவாடும் தொட்டு மூணு மாசம் ஆச்சுங்க. சோத்துல உப்பு மட்டும்தான்."

நான் புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். அவள் வந்த ஆறு நாளும் சனி அல்லது புதன். வேறு கிழமையே இல்லை.

"ஏம்மா, செவ்வாயும் வெள்ளியும் வூட்டுல என்ன பண்ணுவே?"

"தல முழுவுவேன். மஞ்சத் தேச்சிக் குளிப்பேன். ஊரே பண்றதுதானுங்களே."

"புண்ணு இருக்கையிலயுமா?"

"ஆறுனப்பறம்தானுங்க பூசுவேன். வெளுத்த எடம் தெரியக் கூடாதுன்னு கொஞ்சம் கெட்டியாவே."

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் வருவதில்லை. இவளுடைய புதுத் தோலுக்கு அது ஆகவில்லை. டாக்டர் விவரமாகச் சொன்னார்: முகத்துக்கு மஞ்சள் கூடாது, வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் களிம்பு. சீயக்காய்த் தண்ணீர் முகத்தில் வழியாதபடி குனிந்து தலை அலச வேண்டும். வெயிலில் களையெடுக்கப் போனால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் மஞ்சளுக்கு மட்டும் ஆட்டவில்லை. "அவரு உசுரோட இருக்கையில நான் எப்படிங்க வெறும் மூஞ்சியோட நிக்கிறது?" என்றாள். ஆனாலும் விட்டாள். மே, ஜூன் இரண்டு மாதமும் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை.

ஜூலை 22, சனிக்கிழமை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போய், மாமியார் முத்தாயி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முத்தாயி கைம்பெண். சிறுத்த உருவம், பெரிய குரல்.

"நான்தான் பூச வச்சேன்," என்றாள் முத்தாயி, யாரும் கேட்கும் முன்பே. "ஆடி வெள்ளி. தண்ணித்தொறையில ஒருத்தி கேக்குறா, 'ஏண்டி முத்தாயி, ஒரே வூட்டுல ரெண்டு முண்டச்சியா?'ன்னு. இவ மஞ்சள வுட்ட நாள்லேருந்து எம் மவங்கிட்டேருந்து காயிதம் இல்லீங்க. மூஞ்சி பெருசா, உசுரு பெருசா? நீங்களே சொல்லுங்க."

பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டாள். வீங்கிய இமை இடுக்கில் தண்ணீர் வந்தது. அது புண்ணில் பட்டு எரியும் என்பதால் துணியால் ஒற்றிவிட்டேன்.

நான் படித்துக் காட்டும் கடிதங்களையும் என் குறிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுவது உண்டு. அதை எடுத்து வாசித்தேன். "மார்ச் 1, புதன். ரஞ்சன்குடி பூங்காவனத்துக்குப் புருஷன் கடிதம் படித்தது. முகம் முழுக்க மஞ்சள். கழுவிய பின் களிம்பு."

"அதுக்கப்பறம்?" என்றாள் முத்தாயி.

"அதுக்கப்பறம் எங்கிட்ட கடிதமே வரல. மஞ்சள விடச் சொன்னது ஏப்ரல் பதினஞ்சு."

முத்தாயி விரல் விட்டு எண்ணினாள். மாசி, பங்குனி, சித்திரை. மறுபடியும் எண்ணினாள்.

"அப்ப, மஞ்சள் இருக்கையிலேயே நின்னுபோச்சு."

"ஆமா."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மஞ்சளைப் பற்றிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கிவிட்டேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பெஞ்சியில் உட்கார்ந்து மருமகளின் காலைப் பார்த்தாள். வெடித்த, புழுதி படிந்த கால்.

"காலுக்குப் பூசுனா கரப்பான் வருமாங்க?"

டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னேன்: புண் இல்லாத இடத்தில் கொஞ்சமாகப் பூசிப் பார்க்கலாம், அரித்தால் உடனே கழுவ வேண்டும், அந்தக் கையால் முகத்தைத் தொடக் கூடாது.

ஆடிப் பதினெட்டன்று முத்தாயி தண்ணீர்த்துறைப் படியில் மருமகளை உட்கார வைத்து, முழங்கால்வரை தானே மஞ்சள் பூசினாளாம். கைம்பெண் பூசலாமா என்று ஒருத்தி முணுமுணுத்ததற்கு, "எம் மவன் இருக்கானா இல்லையான்னு பாக்கணும்னா குனிஞ்சு பாருடி!" என்றாளாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொல்லும்போது பூங்காவனம் சிரித்தாள். சிரித்தால் கன்னம் வெடிக்காத அளவுக்கு அப்போது ஆறியிருந்தது.

செப்டம்பர் 16 அன்று கடிதம் வந்தது. அவன் எழுதியது மே மாதம். வழியில் நான்கு மாதம் கிடந்திருக்கிறது. முத்தாயி அதைக் காலுக்குப் பூசிய மஞ்சளோடு சேர்த்துப் பேசவில்லை.

பிச்சைமுத்து 1946 மார்ச்சில் ஊர் வந்தான். 18ஆம் தேதி, திங்கட்கிழமை, மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பூங்காவனத்தின் முகம் மறுபடி சிவந்திருந்தது. அவன் பட்டாளத்திலிருந்து ஆசையாக வாங்கி வந்த வாசனைச் சோப்புதான் காரணம்.

"மஞ்சதான் ஆவலன்னா ஒஞ் சோப்பும் ஆவலடா," என்று முத்தாயி ஆஸ்பத்திரி அதிரச் சொன்னாள். "அத நீயே போட்டுக் குளி!"

பூங்காவனம் யாரும் சொல்லாமலே பழைய துணியை நனைத்து முகத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் களிம்புக்குச் சீட்டு எழுதினார். எங்கள் புத்தகத்தில் கடைசிக் கட்டம் 'குணம்' என்பது. அவள் பெயருக்கு நேரே அதை நான் ஒருநாளும் நிரப்பியதில்லை. கரப்பான் போவதும் வருவதுமாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றும் அதைக் காலியாக விட்டு, குறிப்பில் மட்டும் எழுதினேன்: 'சோப்பு கூடாது. கால் இரண்டிலும் மஞ்சள். புருஷன் உடன் வந்தார்.'