தண்ணீர் குடிக்கப் போன ஹாஸ்கின்ஸ்

லெமுவல் ஹாஸ்கின்ஸ் இருபது வருடம் இண்டியானாவில் ஊர் ஊராக நீதிமன்றங்களுக்குக் குதிரையில் அலைந்த வக்கீல். இடுப்பு வலிதான் மிச்சம். தோற்ற வழக்குகளில் ஒன்று மட்டும் அவரை விடவே இல்லை. கெசாயா பிராட்டின் கணவன், தன் ஏழு வயது மகள் அல்மைராவை அண்ணனிடம் ஒப்படைக்கும்படி உயில் எழுதிவிட்டுச் செத்துப்போனான். பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே சட்டம் உயிலின் பக்கம் நின்றது. அந்தச் சட்டத்தை மாற்றத்தான் ஹாஸ்கின்ஸ் தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார்.

மன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடி, அறுபத்தோராம் நாள் நண்பகலில் கலையும். வேலை மிச்சமிருந்தால் வாயிற்காவலர் ஓபெட் ஏணியில் ஏறி, கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். அத்தனை உறுப்பினர்களும் கூரையைப் பார்ப்பார்கள். முதல் கூட்டத்திலேயே ஹாஸ்கின்ஸ் எழுந்து, "மணி பன்னிரண்டு தாண்டிடுச்சு, தலைவரே" என்று சொல்லி ஒரு ரயில் மசோதாவைக் கவிழ்த்தார். அன்றிலிருந்து அவர் கண்ணெதிரே ஓபெட் ஏணியைத் தொடுவதில்லை.

மூன்றாவது கூட்டத்தின் கடைசி நாள், அவருடைய மசோதாவின் முறை வந்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது.

"ஹாஸ்கின்ஸ், உமக்குத் தொண்டை வறண்டு கிடக்கு. வெளியே போய்த் தண்ணி குடியும்" என்றார் அவைத்தலைவர். அவை சிரித்தது.

ஹாஸ்கின்ஸுக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஒரு மாத இருமலுக்குப் பிறகு நியாயம் பேச அவரிடம் தெம்பில்லை. எழுந்து போனார்.

நடைவழி பெஞ்சில் கெசாயா உட்கார்ந்திருந்தாள். "என்ன ஐயா, வெளியே வந்துட்டீங்க?"

"நான் உள்ள இருந்தா முள்ளைத் தள்ள மாட்டாங்கம்மா. தள்ளினதும் போயிடுவேன்."

குவளையில் தண்ணீர் மொண்டு நிமிர்வதற்குள் கதவு சாத்தப்பட்டது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. அந்த விதியைப் பிடிவாதமாகக் காத்தவரே அவர்தான். களைத்த மூளைக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"ஹாஸ்கின்ஸ்" என்று உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கதவைத் தட்டினார். கதவுக்குப் பொறுப்பான ஓபெட், அவருக்காகத்தான் ஏணிமேல் முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

கடைசியில் எண்ணிக்கை கேட்டது. ஆதரவு ஐம்பது. வேண்டியது ஐம்பத்தொன்று.

"ஒரு ஓட்டா?" என்றாள் கெசாயா. "யாரோடது?"

குவளை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"என்னோடதும்மா."

அவள் அவரைத் திட்டவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அல்மைராவுக்கு இப்பப் பதிமூணு. அடுத்த கூட்டத்துக்குப் பதினஞ்சு ஆயிடும்."