ஜெந்திக் இல்லாத வரிசை

1. கோப்பை

எங்கள் மேரு ஊரில் பன்னிரண்டு வீட்டு வரிசை ஒன்றுக்குக் கோப்பை கொடுத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருபது வருடத்துக்கு மேல் டிங்கிக் கொசுவோடு மல்லுக்கட்டியவன் நான். வீடு வீடாகப் போய், வாளியிலும் பூச்சட்டியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சம்மன் எழுதி, வசவு வாங்கி, வீட்டுக்கு வந்து மனைவியிடமும் வசவு வாங்கியவன். ஒரு வரிசை முழுக்க ஒரு கொசுப்புழு கூட இல்லை என்றால் சும்மாவா?

கொசுப்புழுவை இங்கே எல்லாரும் ஜெந்திக் என்றுதான் சொல்வோம். பெரியவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் 'ஜெந்திக் வேட்டை' என்று ஒரு விளையாட்டை நானே கண்டுபிடித்தேன். சுவரில் பள்ளிக்குப் பக்கத்துத் தாமானின், அதாவது குடியிருப்பின், மேப். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் அவரவர் வீட்டைச் சோதிக்க வேண்டும். புழு இருந்தால் மேப்பில் சிவப்பு ஊசி, இல்லாவிட்டால் பச்சை. ஆறு வாரம். பச்சை அதிகமாக உள்ள வரிசைக்குக் கோப்பை. கடைசி வரிசை ஆறு வாரமும் பச்சை.

அந்த வரிசைப் பிள்ளைகளுக்குத் தலைவி துர்கா, ஐந்தாம் ஆண்டு மாணவி. கோப்பையை வாங்கியபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னம்மா, ஜெயிச்சும் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"நாங்க ஒண்ணும் செய்யலியே சார். வாளிய ஊத்தவே இல்ல. தண்ணி கட்டாகும், ஊத்தாதன்னு அம்மா ஏசறாங்க. ஆனா ஜெந்திக் வரவே மாட்டேங்குது."

"அப்போ அதிர்ஷ்டம்லா!" என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! எங்கள் வேலையில் பூஜ்யம்தான் முதல் மார்க்கு. அதைச் சந்தேகப்பட யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

2. அந்த வரிசை

மறு வாரம் என் பாஸ் கூப்பிட்டார். "அந்த வரிசைய நல்லா நாலு படம் எடுத்துட்டு வாங்க. மேல அனுப்பணும்."

உதவியாள் ஹாலிமோடு சாயங்காலம் போனேன். கொசு கிளம்புகிற நேரம். பின்பக்கம் திறந்த டிரம், பழைய டயர், வாளி, எல்லாவற்றிலும் தண்ணீர். வேறு தாமானாக இருந்தால் அந்த டயருக்கே சம்மன் எழுதியிருப்பேன். டார்ச் அடித்தேன். அடிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பாசி இல்லை.

பக்கத்திலேயே மூடிக் கிடக்கும் தொழிற்சாலையின் தகரச் சுவர். எங்கள் ஃபைலில் அதற்கு 'இயங்கவில்லை' என்று குறிப்பு, அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு வாடை அங்கே லேசாக வந்தது.

ஹாலிம் திடீரென்று நின்றான். "சுன்யி-லா, என்சே," என்றான். ரொம்ப அமைதியா இருக்கு சார் என்கிறான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஒரு தவளைச் சத்தம் இல்லை. சுவர்க்கோழி இல்லை. விளக்கடியில் ஒரு பல்லி கூட இல்லை. பத்து நிமிடமாக நிற்கிறோம், எங்கள் இரண்டு பேரையும் ஒன்றும் கடிக்கவில்லை.

துர்கா பின்வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இங்க வாங்க," என்று ஒரு வாளியைக் காட்டினாள். அடியில் ஏதோ தூசி மாதிரி கிடந்தது. குனிந்து பார்த்தேன். ஜெந்திக். இருபது முப்பது இருக்கும், எல்லாம் செத்துக் கிடந்தன.

"ஸ்கூல் லோங்காங்லேர்ந்து போத்தல்ல புடிச்சிட்டு வந்தேன் சார்," என்றாள். லோங்காங் என்றால் சாக்கடை. "நேத்து விட்டேன், செத்துப் போச்சு. இன்னிக்குக் காலையில மறுபடியும் விட்டேன். அதுவும் செத்துப் போச்சு."

"யாராச்சும் வந்து புழு மருந்து போட்டாங்களா?"

"யாரும் வரல சார்." வாளியைக் காட்டி, "தம்பி இந்தத் தண்ணியிலதான் குளிக்கிறான். அவனுக்குத் தினமும் வாந்தி," என்றாள்.

பெற்றவர்களுக்கும் தோன்றாத, இன்ஸ்பெக்டர் எனக்கும் தோன்றாத சோதனையை ஒரு சின்னப் பெண் செய்து வைத்திருக்கிறாள். தன் தம்பிக்காக.

3. அம்மாவின் கேள்வி

உள்ளே போனேன். பையனுக்கு ஏழு வயது, சோபாவில் சுருண்டு கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. அடிக்கடி தண்ணீர் கட்டாவதால் வீட்டுச் சொந்தக்காரர் போர் போட்டு வரிசை முழுக்கப் பைப் இழுத்துக் கொடுத்திருக்கிறார். வாளியில் இருந்ததும் அந்தத் தண்ணீர்தான்.

"கிளினிக்ல வயித்துல கேஸ்னு சொல்லி மருந்து குடுத்தாங்க சார். தண்ணிய கொதிக்க வச்சுதான் குடிக்கிறோம்," என்றார் அவன் அம்மா.

"அக்கா, இனிமே ஒரு சொட்டு வேணாம். பையன இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. என் காடிலயே ஏறுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணி கெட்டதுன்னா, அன்னிக்கு எதுக்கு சார் எங்களுக்குக் கோப்பை குடுத்தீங்க? சுத்தமான இடம்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெட்கத்தோடு பையனைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்தேன்.

மறுநாள் தண்ணீரை லேபுக்கு அனுப்பி, போரைப் பூட்டச் சொல்லி நோட்டீஸ் எழுதினேன். பாஸ் குதித்தார். "பரிசு குடுத்த இடத்துக்கே நோட்டீஸா? என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

"என் மூஞ்சிக்குப் பக்கத்துல வைங்க பாஸ். பையன் ஆஸ்பத்திரில கிடக்குறான்," என்றேன். நல்ல மனுஷன், கத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தண்ணீரில் ரசாயனம் என்று லேபில் சொன்னார்கள். தகரச் சுவருக்குப் பின்னால் தோண்டியபோது துருப்பிடித்து ஒழுகும் ரசாயன டிரம்கள் வரிசையாக வந்தன. யாரோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் மூன்று வாரம் வார்டில் இருந்தான். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். பன்னிரண்டு வீட்டுக்கும் லோரியில் தண்ணீர் வந்தது, பிறகு சரியான பைப்பும் வந்தது.

4. ஒரு போன்

சில மாதம் கழித்து துர்கா போன் செய்தாள். மூச்சு வாங்க ஓடி வந்தவள் மாதிரி பேசினாள். "சார்! எங்க வாளில ஜெந்திக் வந்துருச்சு! ஏழு! தம்பிதான் எண்ணுனான்! ஊத்திடட்டுமா?"

எத்தனை பேருக்குச் சம்மன் எழுதிய கை இது. அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்து அழுதேன். "இரும்மா. நான் வந்து பாத்துட்டு, அப்புறம் ஊத்தலாம்," என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சோதனைப் பாரத்தில் பூஜ்யம் எழுதும் முன் அந்த இடத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஒன்றுமே கடிக்கவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு, அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேளுங்கள்.