ஸ்ட்ராட்டோன்தான் அடித்தார்

ஏதென்ஸ் சந்தையில் மீன் மேடைகள் முடிந்து பூண்டு வரிசை தொடங்குகிற மூலையில் ஸ்ட்ராட்டோனின் கடை. கடை என்றால் ஒரு பாய், ஒரு கல்லுரல், ஒரு கையுலக்கை, பின்னால் கட்டிப்போட்ட கழுதை. பூண்டைப் பாலாடைக்கட்டியோடும் தேனோடும் இடித்து அவர் தருகிற துவையலுக்காகக் கப்பல்காரர்கள் துறைமுகத்திலிருந்து நடந்தே வருவார்கள். ஆள் என் மார்பளவுதான் இருப்பார். நானும் உயரமானவன் இல்லை.

அவருடைய அப்பாவும் குள்ளம். போர்க்கப்பலில் துடுப்புப் போட்டவர். துடுப்புக்கு உயரம் எதற்கு, மூச்சு இருந்தால் போதும் என்பாராம். ஸ்ட்ராட்டோனும் இளம் வயதில் சில கோடைகள் துடுப்புப் போட்டார். அந்தத் தோள்கள் அங்கே வந்தவை. “நின்னா சின்னப் பையன், உக்காந்தா ஆம்பளை” என்று அவர் மனைவி லிசில்லா கேலி செய்வாள்.

பக்கத்து மேடையில் மீன் விற்றவன் ஹெகெமோன். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உடம்பு. கூட்டம் சேர்க்க அவனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஸ்ட்ராட்டோனின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, விலாங்குகளுக்கு நடுவே பளிங்கு மேடையில் நிற்கவைப்பான்.

“வாங்க, வாங்க. அரைப்படி வந்திருக்கு, இன்னைக்குப் பிடிச்சது. முள்ளு ஜாஸ்தி, கறி கம்மி.”

சந்தை சிரிக்கும். ஸ்ட்ராட்டோன் இறங்கி, பாதத்தில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

போன இளவேனிலில் ஒருநாள் அவர் இடித்துக்கொண்டிருந்தபோதே ஹெகெமோன் வந்து தூக்கினான். உலக்கையும் கையோடு மேலே போனது. மேடையில் நின்ற ஸ்ட்ராட்டோன் அதை ஓங்கி ஹெகெமோனின் மூக்கில் ஒரு போடு போட்டார். மூக்கு உடைந்தது. அவர் தானாகவே இறங்கிப் போய் மிச்சப் பூண்டை இடித்தார்.

ஹெகெமோன் வழக்குப் போட்டான்.

எங்கள் ஊரில் வழக்காடுகிறவன் தன் வாயால்தான் பேச வேண்டும். பேச்சை எழுதித் தர மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ராட்டோன் என் பேச்சுக்கலை ஆசிரியர் லியோகிரிட்டோஸிடம் வந்தார். அவர் என்னைக் கைகாட்டினார். “சின்ன ஆளு, சின்ன வழக்கு. நீ எழுதிப் பழகு.”

என் அப்பா தோல் பதனிடுகிறவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளியில் மற்றவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்காருவார்கள். அவர்களுக்குப் பேச்சு வீட்டிலிருந்தே வந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் வாங்கிய சொல். அதனாலோ என்னவோ, இந்தக் கலை உண்மையில் என்ன என்ற கேள்வி அவர்களைவிட என்னை அதிகம் அரித்தது. லியோகிரிட்டோஸ் இதைத் தத்துவம் என்பார். “நடந்தது என்னன்னு கடவுளுக்குத்தான் தெரியும். எது நடந்திருக்கும்ங்கிறது மட்டும்தான் மனுசனுக்குக் கிடைக்கும். அதை எடைபோடத் தெரிஞ்சவன்தான் அறிஞன்.” நகருக்கு வெளியே தோப்பில் கூடுகிற தத்துவக்காரர்கள் எங்களை ஒப்புக்கொள்வதில்லை. நாங்கள் செய்வது வெறும் சமையல், நாக்குக்குப் பிடித்ததை ஆக்கிப்போடுகிற வேலை என்பார்கள். இரண்டு பக்கமும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் என் தொல்லை.

சிறியவன் பெரியவனை அடித்த வழக்கு எங்கள் பள்ளியில் தொடக்கப் பாடம். சிறியவன், ‘இது நடக்கிற காரியமா?’ என்று கேட்க வேண்டும். பெரியவன் சிறியவனிடம் அடிவாங்கினேன் என்று சொல்லக் கூசுவான். ‘பல பேர் சேர்ந்து அடித்தார்கள்’ என்பான். பாடமே உயிரோடு என்னைத் தேடி வந்துவிட்டது என்று மகிழ்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். ஸ்ட்ராட்டோனுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டு மனப்பாடம் செய்யட்டும் என்று அவர் வீட்டுக்குப் போய் வாசித்தேன்.

“‘ஏதென்ஸ் மக்களே, என்னையும் பாருங்கள், அவனையும் பாருங்கள். என் கை அவன் தோளுக்காவது எட்டுமா?’”

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நிறுத்து தம்பி. அடிச்சது யாரு?”

“நீங்கதாண்ணே.”

“அப்ப இதுல பேசறது யாரு?”

“இது வாதம்ணே. நீங்க அடிக்கலைன்னு ஒரு இடத்துலயும் எழுதலை. அடிச்சிருக்க முடியுமான்னு கேக்கறோம், அவ்வளவுதான். ஒரு பொய் கிடையாது.”

“கெட்டிக்காரன்.” பூண்டை முறத்தில் போட்டார். “ஹெகெமோன் என்னைச் சந்தையில தூக்கி வச்சான். நீ மன்றத்துல தூக்கி வைக்கறே. இருநூறு நடுவருங்க முன்னாடி நானே என் வாயால ‘ஐயா, நான் அரைப்படி’ன்னு சொல்லணும். அவன்கூட என்னை அப்படிச் சொல்ல வச்சதில்லை.”

நான் வாய் திறப்பதற்குள் லிசில்லா முந்திக்கொண்டாள். “ஜெயிச்சாப் போதும்யா. தோத்தா அபராதத்துக்குக் கழுதையை விக்கணும். அப்புறம் மலையிலேருந்து மூட்டையை யாரு தூக்குவா, உன் மானமா?”

“கழுதையைவிட அது கொஞ்சம் தாங்கும்.”

“அண்ணே,” என்றேன், “சட்டம் கேக்கறது ஒரே கேள்வி. மொதல்ல அடிச்சது யாரு? நீங்க ஒத்துக்கிட்டா அங்கேயே முடிஞ்சுது.”

“மொதல்ல கை வச்சது அவன்.”

“அது தூக்கினது. அடி இல்லை.”

“ஏன் இல்லை?”

எரிச்சலில் கேட்ட கேள்விதான். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அது என்னோடு வந்தது. அடி என்றால் என்ன என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வலி இருந்தால்தான் அடியா? ஒருவன் உடம்பை அவன் சம்மதமில்லாமல் எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்துச் சிரிப்பது எதில் சேரும்? பள்ளியில் படித்த இரண்டு வருடங்களில் முதல் தடவையாக, எது நம்பப்படும் என்று யோசிக்காமல் எது சரி என்று யோசித்தேன். பழைய பேச்சைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்தக் கேள்வியை வைத்து வேறு எழுதினேன்.

லியோகிரிட்டோஸ் படித்துவிட்டுச் சுருளைத் திருப்பிக் கொடுத்தார். “வெயில்ல உக்காந்து தீர்ப்புச் சொல்றவன்கிட்ட அடின்னா என்னன்னு பாடம் நடத்தப் போறியா? பூண்டுக்காரன் தோப்பான். உன் பேரும் சேந்து தோக்கும், தோல்காரன் மகனே.”

“தோக்கட்டுங்க” என்றேன்.

வழக்கு நாளில் நான் மன்றத்து வேலிக்கு வெளியே நின்றேன். ஹெகெமோன் முதலில் பேசினான். யாரோ அவனுக்கும் எங்கள் பாடத்தையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். “மூணு பேருங்க. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவன் அடிச்சான்.”

பிறகு ஸ்ட்ராட்டோன் மேடை ஏறினார். அங்கே ஒரு படி உயரம். ஏவலாள் ஒருவன் உதவிக்குக் கையை நீட்டினான். அவர் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான். பேச்சு நேரத்தை அளக்கிற நீர்க்கடிகாரத்தைத் திறந்துவிட்டார்கள்.

“ஏதென்ஸ்காரங்களே, மூணு பேர் இல்லை. நான் ஒருத்தன்தான். நான்தான் அடிச்சேன்.”

கூட்டம் இரைந்தது. “அப்ப இறங்கிடு, வீட்டுக்குப் போகலாம்” என்று ஒரு கிழவர் கத்தினார்.

“இன்னைக்கு ஹெகெமோன் தூக்கி வைக்கலைங்க, நானே ஏறினேன். முடிச்சிட்டு நானே இறங்கறேன்.” சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார். “மொதல்ல அடிச்சது யாருன்னு சட்டம் கேக்குது. என் உடம்பு மேல மொதல்ல கை வச்சது யாருன்னு நான் கேக்கறேன். உங்கள்ல யாரையாவது நாளைக்கு ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி தூக்கி மீன் மேடையில வச்சா, அடி விழலையேன்னு சும்மா வருவீங்களா? அடிமையைத் தூக்கி வச்சு விலை பேசுவாங்க. நான் அடிமையா?”

இந்தக் கேள்வி நான் எழுதியது. அடுத்தது என்னுடையது இல்லை.

“இன்னொண்ணு. என் கை இவன் மூக்குக்கு எட்டாது. எல்லாருக்கும் தெரியும். எட்டற உயரத்துக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினது இவன்தான். நான் உலக்கையை மட்டும்தான் கொண்டுபோனேன்.”

இந்தத் தடவை சிரிப்பு வேலியைத் தாண்டித் தெருவரை கேட்டது. யாரும் ஸ்ட்ராட்டோனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஹெகெமோன் மூக்கை மூடிக்கொண்டான். கடிகாரத்தில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே அவர் படியிறங்கினார்.

நடுவர்கள் தீர்ப்புக்கான வெண்கல வட்டுகளைப் பானையில் போட்டார்கள். எண்ணினார்கள். ஒரு கைப்பிடி வட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஒத்துக்கொண்டவனை விடுவிக்க அவர்களில் பாதிப் பேருக்குமேல் மனம் வரவில்லை. கழுதை விற்கப்பட்டது. இப்போது விடியலில் அவரும் லிசில்லாவுமாக மூட்டை சுமந்து வருகிறார்கள்.

லியோகிரிட்டோஸ் அந்த வழக்கையே பாடமாக்கிவிட்டார். மாணவர்களுக்குக் கொடுக்கும்போது, பூண்டுக்காரன் மறுத்ததாக மாற்றிக் கொடுத்தார். நான் எழுந்தேன்.

“அவர் மறுக்கலைங்க.”

“அதனாலதானே தோத்தான். தோத்த பேச்சைச் சொல்லிக்கொடுத்தா எவன் காசு கொடுத்துப் படிப்பான்?”

“நடந்ததைச் சொல்லிக்கொடுங்க. இல்லேன்னா அவர் பேரை எடுத்துடுங்க.”

பேரும் போகவில்லை, பாடமும் மாறவில்லை. நான்தான் அந்தப் பள்ளியிலிருந்து போனேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏழைகளுக்கு வழக்குப் பேச்சு எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்களை முதலில் நடந்ததைச் சொல்லச் சொல்கிறேன், எழுதுவது அப்புறம். இது தத்துவமா, சமையலா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை. எதிராளி வென்ற நாள்களில் சந்தேகம் கூடுகிறது.

பாடம் கொரிந்து நகரம்வரை போய்விட்டதாகக் கேள்வி. அங்கே ஸ்ட்ராட்டோன் வழக்கில் ஜெயிக்கிறாராம். சென்ற வாரம் அந்தப் பக்கத்து மாணவர்கள் சிலர் அவரைப் பார்க்கச் சந்தைக்கு வந்தார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். அதில் உயரமான ஒருவன் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

“அடிக்கவே முடியாதுன்னு நிரூபிச்சீங்களே, அது நீங்கதானே ஐயா?”

ஸ்ட்ராட்டோன் இடிப்பதை நிறுத்தினார். உலக்கையில் ஒட்டியிருந்த பூண்டை விரலால் வழித்து உரலில் விட்டார். உலக்கையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“தூக்கிப் பாரு” என்றார்.