வெறும் பேணி திரும்பக் கூடாது

யாழ்ப்பாணத்தில் பிறந்து, நான்கு வயதில் அப்பாவின் தோளில் தூங்கியபடி மொன்றியலுக்கு வந்து, கனடாத் தரைப்படையில் மேஜராக உயர்ந்து, சென்ற மாதம் எங்களைப் பிரிந்த என் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். எழுத்து என் தொழில் அல்ல. ஆனால் அழுதழுது எழுத மாட்டேன். அக்கா வென்றவர். வென்ற கதையைத்தான் எழுதுவேன்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு அவர் படையில் சேரப் போவதாகச் சொன்னார். எங்கள் கர்க்லாண்ட் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ ஆமியிலயே சேரப் போறியோ?"

அக்கா சேர்ந்தார். சீருடையோடு இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அப்பா கட்டளையிட்டார். அதன் பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம், சந்தியிலுள்ள தெப்பனேர் என்கிற சில்லறைக் கடையில் உடை மாற்றிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்கு வருவார்.

அவருடைய வேலையை எங்களுக்குப் புரிய வைத்தது "இரவல்" என்ற ஒரு சொல்தான். மேஜரான பிறகும் அக்காவின் கீழ் சொந்தமாக இருந்தவர்கள் காலாட்படையினர் மட்டுமே. ஒரு காரியம் வந்தால் ஓர் அணியிலிருந்து டாங்கிகள், இன்னொன்றிலிருந்து பள்ளம் நிரப்பவும் பாலம் போடவும் தெரிந்த பொறியியல் வீரர்கள், வேறொன்றிலிருந்து பீரங்கிக்கு இலக்குச் சொல்பவர் என்று இரவல் வாங்கி ஒரே குழுவாக்குவார்கள். காரியம் முடிந்தால் அவரவர் தம் இடத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்த காரியத்துக்கு வேறு கலவை. டாங்கி தனியே பள்ளம் தாண்டாது. பள்ளம் நிரப்புபவருக்குப் புகைத்திரை வேண்டும். காட்டுக்குள் டாங்கிக்குக் காலாள் துணை வேண்டும்.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதைதான்" என்று அப்பா சிரித்தார்.

முதற் பெரிய பயிற்சியில் அப்பாவின் சிரிப்பே பலித்தது. டாங்கிகள் பள்ளத்தின் முன் நின்றன. பொறியியல் வீரர்கள் நேரத்துக்கு வரவில்லை. குழு தோற்றது. இன்னொரு முறை தோற்றால் தலைமைப் பொறுப்பு பறிபோகும் என்ற நிலையில் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஏன் பிந்தினவை?" என்று அப்பா கேட்டார்.

"தங்கட முகாமுக்குச் சாப்பிடப் போயிட்டினம் அப்பா."

"இரவல் வாங்கின ஆக்களுக்கு நீ சாப்பாடு போடேல்லையோ?"

அக்காவின் சமையற் கணக்கில் சொந்த ஆட்கள் மட்டுமே இருந்திருக்கிறார்கள். "கொம்மா இரவல் வாங்கின கிண்ணத்தைக்கூட வெறுமையாத் திருப்பிக் குடுத்ததில்லை" என்றார் அப்பா, எங்கள் அம்மாவைச் சுட்டி. மறுநாள் காலை மூன்று பிஸ்கற் தகரப் பேணிகள் நிறையத் தட்டை வடை சுட்டுக் கொடுத்தார். "இது ஆமிக்கில்லை. இரவலுக்கு" என்றும் சொல்லிவிட்டார். வீம்பு அவருக்கு உடன்பிறப்பு.

அடுத்த பயிற்சிக்கு இரவல் வந்தவர்களைத்தான் அக்கா வரைபட மேசையில் முதலில் உட்கார வைத்தார். சாப்பாடும் அவர்களுக்கே முதலில். மூன்று அணிகளுக்கும் அணிக்கொரு பேணி கொடுத்தார். பயிற்சியன்று பாலம் சுமந்த வண்டி சேற்றில் புதைந்தது. பொறியியல் சார்ஜன்ட் யாரையும் கேட்டுக் காத்திருக்காமல் டாங்கிக்காரரோடு நேரே பேசி, மண் தள்ளும் தகடு பூட்டிய டாங்கியால் பள்ளத்தை நிரப்பத் தொடங்கினார். இலக்குச் சொல்பவர் கேட்காமலே புகைத்திரையை நீட்டித்தார். அக்கா அந்த இடத்திலேயே குழுவைக் கலைத்து அடுக்கினார்: ஒரு பகுதி காலாட்களை டாங்கிகளோடு விட்டார், மிச்சப் பேரைப் பொறியியலாரோடு அனுப்பினார். மதியத்துக்கு முன், பிடிக்க வேண்டிய குன்று அவர் கையில். எப்படி முடிந்தது என்று பின்னர் சார்ஜன்டிடம் கேட்டாராம். "எங்களையும் எண்ணிச் சமைத்தீர்களே, மேஜர்" என்றாராம் அந்தப் பிரெஞ்சு மொழிக்காரர்.

எனக்குத் தெரிந்து அக்கா அதற்குப் பிறகு தோற்றதில்லை. அப்பா மட்டும் "என்ர பேணி மூண்டும் எங்கை?" என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நோய் வந்தபோதும் அக்கா மருத்துவமனைத் தாதியரின் பெயர்களைப் பாடமாக்கி, அவர்கள் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார். அந்தத் தாதியருக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய உறவினருக்கும், இரத்தம் தந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இறுதிக் கிரியைக்கு முந்தைய நாள் வீட்டு வாசலுக்கு மூன்று அணிகளிலிருந்தும் ஆட்கள் சீருடையோடு வந்தார்கள். சார்ஜன்ட் முன்னால் நின்றார். அப்பாவின் கட்டளையை அக்கா சொல்லியிருப்பார் போலும்; ஒருவரும் படி ஏறவில்லை. கையில் அப்பாவின் அதே மூன்று பேணிகள். ஒன்றும் வெறுமையாக இல்லை. எல்லாம் மேப்பிள் மிட்டாய். அப்பா அவற்றை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

"சாப்பிட்டியளோ? உள்ள வாங்கோ."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் படி ஏறி உள்ளே வந்தார்கள்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவில் இந்த மலரோடு உங்கள் கையில் தரப்படும் வடைப் பேணி அப்பா சுட்டு நிரப்பியது. பேணி இரவல். திருப்பித் தரும்போது வெறுமையாகத் தராதீர்கள். அக்கா பொறுக்க மாட்டார்.

— தம்பி