போசியில் திருப்பி மாட்டிய போல்ட்

1. போர்வெல் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் போயிருந்த என் அண்ணன், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனவன், முகாமுக்குத் திரும்பவில்லை.
2. அதற்குப் பிறகு எட்டு மாதம், நான் வேலை முடிந்து வந்ததும் அம்மா கேட்கும் முதல் வார்த்தை: "போன் வந்துச்சா சாமி?"
3. ஒரு ஞாயிறு மதியம் அம்மாவை ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன்.
4. அந்தப் படத்தில் எங்கள் போசி வந்தது.

நான்காவதைப் படித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய், சகுனம் எதையும் நம்பாதவள் நான். ரிக் உதிரிபாகப் பட்டறையில் தரச் சோதனை என் வேலை, மூன்று முறை அளக்காமல் ஒரு எண்ணைக்கூட எழுதமாட்டேன்.

அந்தப் போசியின் கைப்பிடி, அண்ணன் கிளம்பும் அன்று கழன்றுவிட்டது. ரிக்கில் போகிறவர்களுக்குக் கஞ்சி, தண்ணீர், டீ எல்லாமே போசியில்தான். பட்டறைப் போல்ட் ஒன்றை அவசரத்தில் திருப்பி மாட்டிவிட்டேன். தலை உள்ளே போய், நட்டும் நீட்டிக்கொண்டிருந்த மரையும் வெளியே வந்துவிட்டன. "ஏம்புள்ள, இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சியா?" என்று சிரித்தபடி அப்படியே கொண்டுபோனான்.

படம் கொலையை வைத்துச் சிரிக்கவைக்கும் வகை. எல்லா விமர்சனமும் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அம்மா சிரித்து நாளாயிற்று என்றுதான் போனோம். இரண்டு திருடர்கள் லாரியில் ஒரு பிணத்தைக் கொண்டுபோகிறார்கள், தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, கையில் இடமில்லாமல் ஒருவன் டீ வாங்கிய போசியை அந்தக் கால் கட்டைவிரலில் மாட்டுகிறான். தியேட்டரே அதிர்ந்தது. வண்டி குலுங்க, போசி திரும்பியது. நட்டு வெளியே. நீட்டிய மரை. பட்டறைப் போல்ட்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுற்றிலும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுத் தனியாகப் போய் அதே காட்சியைப் பார்த்தேன். அதே லாரி, அதே சிரிப்பு. காலில் தொங்கியது பச்சை வயர்கூடை. பட்டறையில் படம் பார்த்த மூன்று பேரைக் கேட்டேன். மூவரும் வயர்கூடை என்றார்கள்.

துக்கத்தில் கண் ஏமாற்றியிருக்கும் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு வந்து, "அம்மா, போசியப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எந்தப் போசி?"

"அந்தக் கால்ல தொங்குச்சே."

அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நா போசியப் பாக்கல சாமி. காலத்தான் பாத்தேன். பெத்தவளுக்குப் புள்ள கால் தெரியாதா?"

இன்றைய நிலை: காவல் நிலையத்தில் மனு அப்படியே கிடக்கிறது. ரிக் முதலாளி போனை எடுப்பதில்லை. அந்தக் காட்சியில் இப்போதும் வயர்கூடைதான் தொங்குகிறது. நான் தினமும் ஆறரைக்கு வீடு வருகிறேன். போன் வந்ததா என்று அம்மா கேட்பதில்லை.