என் பொறுப்பில் வாங்கிய புத்தகம்

இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே இரண்டு போடத் தோன்றுகிறது. "நான் பொறுப்பு, குடுங்க" என்று சொன்னது நான்தான்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜ். நான் அங்கே ஆபீஸ் கிளார்க். மேனேஜர் திருநெல்வேலிக்காரர்; எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஃபோர்மேன் பாலஸ்தீனக்காரர். குவைத்தில் பிறந்து வளர்ந்தவர். வளைகுடாச் சண்டை முடிந்தபின் அங்கே இருக்க விடாமல் போகவே, குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். சத்தத்தைக் கேட்டே கியர்பாக்ஸில் என்ன கோளாறென்று சொல்லிவிடுவார். கோபம் வந்தால் ஸ்பானர் பறக்கும். ஐந்தாவது நிமிடம் சுலைமானி என்கிற கட்டன் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசுவார்.

நாங்கள் எல்லோரும் வந்திறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை ஆபீஸில் ஒப்படைத்தவர்கள். அவர் மட்டும் மாட்டவே மாட்டேன் என்பார். அவரிடம் இருந்தது பாஸ்போர்ட்கூட இல்லை. எகிப்து அரசு பாலஸ்தீன அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள் போகவே விசா வேண்டுமாம். "இதென்ன கூத்து!" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வேலை இருக்கிற வரைக்கும்தான் இங்க இடம். வேலை போச்சுன்னா நான் எந்த நாட்டுக்குப் போறது, நீயே சொல்லு" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான ஓட்டை இந்தியில். விசா புதுப்பிக்க அவரே புத்தகத்தோடு எமிக்ரேஷனுக்குப் போய், கையோடு வாங்கி வந்துவிடுவார்.

துபாயில் கட்டட வேலைகள் நின்றுபோய், கராஜுக்கு வண்டி வரத்து குறைந்த வருடம் அது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, ஃபோர்மேனுக்கு ரினீவல் வருது. புஸ்தகத்த வாங்கிட்டு வா. நான் கேட்டா குடுக்க மாட்டான், நீ கேட்டா குடுப்பாம்லா."

"ரினீவல்தான அண்ணாச்சி?"

"பின்ன? ஒங்கிட்ட பொய்யா சொல்லுதேன்?"

போய், ரினீவலுக்கு என்று கேட்டேன். பக்கத்தில் எங்கள் பெயிண்டர் ஒரு கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் முடியாது என்றார். நான் பொறுப்பு என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நீ கேக்கிறதால தர்றேன், சதீக்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சதீக் என்றால் அரபியில் தோழன் என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து, வேலையிலிருந்து எடுத்தவர்களுக்கு டிக்கெட் போடும் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அதில் அவர் பெயர். விசாவைக் கேன்சல் செய்தாகிவிட்டது. கேன்சல் பேப்பரில் அவர் கையெழுத்தையும் யாரோ போட்டிருந்தார்கள். நம் ஆட்களின் பெயருக்கு நேரே சென்னை, திருவனந்தபுரம். அவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

"எந்த ஏர்போர்ட்டுன்னு கேட்டு எழுதிக்க" என்றார் அண்ணாச்சி.

"ரினீவல்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன்.

"மொதலாளி சொன்னாரு, நான் என்ன செய்ய? நீ ஒன் சோலியப் பாரு."

பச்சைத் துரோகம். சொந்த அண்ணனாக நினைத்த மனுஷன், என்னைத் தூண்டில் புழுவாகக் கோத்திருக்கிறார்.

ஃபோர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானர் பறக்கவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"சத்தியமா தெரியாது."

"அப்ப அதையே லேபர் ஆபீஸ்ல வந்து சொல்லு. ரினீவல்னு சொல்லித்தான் வாங்கினேன்னு. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு."

கட்டாயம் வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி என் மேஜைப் பக்கம் வந்தார். "ஒன் விசாவும் அடுத்த மாசம் முடியுதுல்லா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஞாயிறு காலை நான் லேபர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. கராஜில் உட்கார்ந்து பழைய பில்களை அடுக்கினேன். போன் நான்கு முறை அடித்தது. ஐந்தாவது முறை எடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"உன் விசா உனக்கு முக்கியம், எனக்குப் புரியாதா?" என்றார். "நான் புஸ்தகம் குடுத்தப்போ பெயிண்டரும் பக்கத்துலதான் நின்னான். நானும் வர்றேன்னு சொன்னான். நீ வர்றேன்னு சொல்லிட்டியே, அதனால அவனை வேண்டாம்னுட்டேன்."